பூஜைக்குக் கழுவிய குக்கர்

அருள் அண்ணா, இந்தக் கடிதத்தை எழுதுவது நான், சொல்வது நைனா. அவருடைய வலது கை நடுக்கம் போன மாதத்தைவிட இப்போது அதிகமாகிவிட்டது. பேனாவைப் பிடித்தால் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. அதனால் அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதுவேன் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவருடைய பேச்சை எழுத்துத் தமிழாக்குவதைத் தவிர வேறு எதையும் மாற்ற மாட்டேன். நடுவில் நானாக ஏதாவது சேர்த்தால் அது அடைப்புக்குறிக்குள் இருக்கும். இன்று ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றரை. சந்தாபுரா ஷெட்டில், உன் பழைய மேஜையில் உட்கார்ந்திருக்கிறோம். ஆறு மணிக்கு வாட்ச்மேன் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு நைனாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்வார். அதற்குள் முடிக்க வேண்டும்.

அருள், நாளைக் காலை பத்து மணிக்கு புனேயில் நீ வேலை பார்க்கும் இடத்தில் உன்னை மூன்று பேர் முன்னால் உட்காரவைத்து விசாரிக்கப் போகிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். நீ இங்கிருந்து கொண்டுபோன எண்ணெயைச் சோதித்துப் பார்த்ததில் அதற்குள் டீசல் இருந்ததாம். நீதான் கலந்திருக்க வேண்டும் என்கிறார்களாம். போன வாரம் நீ போனில் கேட்டாய்: "நைனா, நல்லா நெனச்சுப் பாத்து சொல்லுங்க. நீங்க அதுல எதனா ஊத்துனீங்களா?" நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. "நான் இன்னாத்துக்குடா ஊத்தப் போறேன்?" என்று சிரித்தேன். நீ "சரி, வுடுங்க நைனா" என்றாய். நான் சொன்னது பொய். சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. நேற்றுதான் தெரிந்தது. டீசலை ஊற்றியது நான்தான்.

இதை ஒரே வரியில் போனில் சொல்லியிருக்கலாம். நேற்றிலிருந்து மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். முதல் முறை, ரசம் வைத்தாயா என்று கேட்டேன். இரண்டாவது முறை, அங்கே மழையா என்று கேட்டேன். மூன்றாவது முறை நீ எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். அந்த மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். உனக்கும் எனக்கும் மட்டும் என்று இதில் எதுவும் இல்லை.

உனக்கு நாலு வயதில், தங்கவயலில் நம் லைன் வீட்டில், உன் அம்மா முதல் முறையாகக் குக்கர் வாங்கினாள். விசில் வந்ததும் நீ என் காலைக் கட்டிக்கொண்டு, "உள்ள யாரு நைனா கோவமா இருக்காங்க?" என்று கேட்டாய். தண்ணீர் ஆவியாகி வெளியே போகப் பார்க்கிறது, மூடி விடமாட்டேன் என்கிறது, போக வழியில்லாத தண்ணீர் கோபத்தையெல்லாம் பருப்பின் மேல் காட்டுகிறது, அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது என்றேன். நான் சுரங்கத்துப் பாய்லர் ஹவுஸில் வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். அந்த வருடமே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நாம் பெங்களூருக்கு வந்து ஜீவனஹள்ளியில் ஒற்றை அறையில் குடியேறினோம்.

அதே கதையை நீ எனக்குத் திருப்பிச் சொன்னது இந்த ஷெட்டில். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு எஃகுக் கலத்தைக் காட்டினாய். வாழைத்தண்டு, மார்க்கெட்டில் வீசிய கீரைத்தண்டு, தெருவில் கூட்டிக் கொளுத்துகிற சருகு, எல்லாவற்றையும் தண்ணீரோடு கூழாக அரைத்து இதற்குள் விட்டு மூட வேண்டும் என்றாய். முந்நூறு டிகிரி சூடு. அந்தச் சூட்டிலும் தண்ணீர் ஆவியாகாதபடி அழுத்தம். போக வழியில்லாத அந்தத் தண்ணீரே தண்டையும் இலையையும் உடைத்து எண்ணெயாக்கிவிடும், காயவைக்கக்கூடத் தேவையில்லை என்றாய். "பூமிக்குள்ள கோடி வருஷமா நடக்கறத நாம அரை மணி நேரத்துல முடிக்கிறோம் நைனா." நான் அன்றிலிருந்து அதைக் குக்கர் என்றே கூப்பிட்டேன். நீ மற்றவர்கள் முன்னால் ரியாக்டர் என்று திருத்துவாய். தனியாக இருக்கும்போது நீயும் குக்கர் என்றுதான் சொல்வாய். நம் வீட்டில் மூன்று தலைமுறை பூமிக்குள் இறங்கி யாருக்கோ தங்கம் எடுத்துக் கொடுத்தது. என் மகன் தரையில் நின்றபடியே குப்பையிலிருந்து எண்ணெய் எடுக்கிறான் என்று நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

(இது உண்மை. ஒரு முறை கண்டக்டரிடமும் சொன்னார். கண்டக்டர், "அப்ப இந்த பஸ்ஸுக்கு எப்ப ஊத்துவீங்க?" என்று கேட்டார். நைனா, "நெக்ஸ்ட் இயர்" என்றார்.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாயப் பட்டறையில் நான் பாய்லர் பார்த்த காலத்தில் நீ ஏழாவது படித்தாய். சனிக்கிழமைகளில் எனக்குச் சோற்றுக் கேரியர் கொண்டுவருவாய். மணிக்கொரு முறை அழுத்தமும் தண்ணீர் மட்டமும் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும், அதுதான் வேலை. ஒருநாள் ஒரு மணிக்கு நீ அந்த நோட்டைப் பார்த்தாய். இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் உரிய கட்டங்களில் நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடலாம் என்று எல்லா பாய்லர்காரர்களும் செய்வதுதான். "நைனா, மணி ஒண்ணுதான ஆவுது? மூணு மணிக்கு எவ்ளோ இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். "பாய்லர் என் பேச்ச கேக்கும்டா" என்றேன். நீ சிரிக்கவில்லை. என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் மறந்ததே இல்லை. இந்த ஷெட்டில் என்னை ஆப்பரேட்டராக நீ வைத்துக்கொண்டபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாய்: "செஞ்சத மட்டும் எழுதுங்க, செஞ்சது எல்லாத்தையும் எழுதுங்க." முதல் பாதியை நான் காப்பாற்றினேன். செய்யாத எதையும் உன் நோட்டில் எழுதவில்லை.

இரண்டாவது பாதிக்கு வருகிறேன். போன ஆயுத பூஜை உனக்கு நினைவிருக்கும். பூஜைக்கு முந்தின நாள் நீ ஏதோ கையெழுத்துக்காகக் காலேஜுக்குப் போயிருந்தாய். கலத்தைக் கழுவி வையுங்கள் நைனா, தண்ணீர், அப்புறம் அசிட்டோன், வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அசிட்டோன் போட்டால் எஃகு வெளிறிப்போய் நிற்கிறது. பூஜைக்கு வைக்கிற மிஷின் மாதிரியே இல்லை. எங்கள் பாய்லர் ஹவுஸில் ஒரு பழக்கம் உண்டு. பூஜைக்கு முந்தின நாள் எல்லா வால்வையும் திறந்து, குழாய்க்குள் டீசல் விட்டு அலசி, வெளியே வேஸ்ட் துணியால் டீசல் போட்டு மினுமினுவென்று துடைப்போம். உள்ளே அழுக்கோடு இருக்கும் மிஷினுக்கு ஃபோர்மேன் பொட்டு வைக்க விடமாட்டார். முப்பது வருடம் அப்படிச் செய்த கை. ஜெனரேட்டருக்கு வைத்திருந்த டீசலை எடுத்து உன் குக்கருக்குள் விட்டேன். குழாய்களுக்குள்ளும் விட்டேன். அப்புறம் இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசினேன். நோட்டில் "சுத்தம் செய்தேன்" என்று எழுதினேன். எனக்கு அது டீசல் ஊற்றியது இல்லை. சுத்தம் செய்தது. அதனால்தான் நீ கேட்டபோது அவ்வளவு சுலபமாக இல்லை என்று சொல்ல முடிந்தது.

மறுநாள் நீ வந்து அதைப் பார்த்ததும், "இன்னா நைனா, புதுசு மாதிரி ஆக்கிட்டீங்க!" என்றாய். பூசணிக்காய் உடைத்தோம். குக்கருக்கு மாலை போட்டோம். அதற்கு அடுத்த நாள் ஊரெங்கும் வண்டிகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் அவிழ்த்துப் போட்ட வாழைமரங்கள். ஆனேக்கல் ரோட்டில் ஒரு ஆட்டோவை நிறுத்தி அள்ளிக்கொண்டு வந்தாய். அரைத்து விட்டோம். அன்றைக்கு வந்த எண்ணெய், எப்போதும் வருவதைப் போல இரண்டு பங்கு. நீ பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தாய். அடுத்த நாள் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் நாள் இன்னும் குறைந்தது. தண்டு வாட வாட எண்ணெய் குறைகிறது, பச்சையாக இருக்கும்போதே அரைத்துவிட்டால்தான் அதிகம் என்று நீ கணக்குப் போட்டாய். அதை எழுதித்தான் புனேயில் வேலை வாங்கினாய். தண்டு வாடியதால் குறையவில்லை. என் டீசல்தான் நாளுக்கு நாள் தீர்ந்துகொண்டு வந்திருக்கிறது.

வாசனையில் தெரிந்திருக்கும் என்று நீ நினைப்பாய். ஜெனரேட்டர் இருக்கிற ஷெட்டில் டீசல் வாசனை புதிதில்லை; அந்த எண்ணெய்க்கே பீடிப் புகையும் கருகிய வெல்லமும் கலந்தது போல ஒரு நாற்றம் உண்டே, அதற்குள் எது வந்தாலும் தெரியாது. நான் ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேனே, நினைவிருக்கிறதா? அதை ஜீவனஹள்ளியில் வீட்டு வாசலில் வைத்துத் திரி போட்டுக் கொளுத்திக் காட்டினேன். தெருவே வந்து பார்த்தது. நன்றாக எரிந்தது. ஏன் அப்படி எரிந்தது என்று இப்போது தெரிகிறது.

ஷெட்டைக் காலி செய்வதற்காக நேற்று கலத்தைப் பிரிக்க ஃபிட்டர் வந்தார். பின்னால் ஒரு கிளைக் குழாய், பின்னாளில் தேவைப்படும் என்று நீ மூடி போட்டு வைத்தது, கீழ்நோக்கி வளைந்திருக்குமே, அதை அவர் கழற்றியபோது நான்தான் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் நாலு சொட்டு விழுந்தது. தேய்த்து மோந்து பார்த்தேன். வேறு எதையும் மறந்தாலும் அந்த வாசனையை மறக்க மாட்டேன். தண்ணீர் விட்டு அலசியும் அந்த மூடிய முனைக்குள் டீசல் நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை சூடேறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து உன் எண்ணெயில் சேர்ந்திருக்கிறது. நான் அப்படியே நின்றேன். "இன்னா பெரியவரே, தூக்கி குடுங்க, லாரி நிக்குது" என்றார் ஃபிட்டர். தூக்கிக் கொடுத்தேன். அவர் குழாயை வேஸ்ட் துணியால் உள்ளேவரை துடைத்து லாரியில் போட்டுவிட்டார். இருந்த ஒரே சாட்சியை நான் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

(நைனா இங்கே நிறுத்திவிட்டார். குக்கர் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் நாலு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மணி ஐந்து ஐந்து.)

நான் இதைச் சொன்னால் நீ பொய்க்காரன் இல்லை என்று ஆகும். ஆனால் உன் கண்டுபிடிப்பும் இல்லை என்று ஆகிவிடும். பச்சைத் தண்டில் எண்ணெய் அதிகம் என்பது என் துடைக்கிற துணியிலிருந்து வந்தது. மூன்று வருடம் நீ செய்த வேலையில் எது உன்னுடையது, எது டீசலுடையது என்று இனி யார் பிரிப்பார்கள்? சொல்லாமல் இருந்தால் நீ திருடன். சொன்னால் நீ ஏமாளி. இதில் எதை நான் என் பிள்ளைக்குக் கொடுப்பது? அதுவும், நான் சொன்னால் யார் நம்புவார்கள்? மகனைக் காப்பாற்ற அப்பன் சொல்கிறான் என்பார்கள். அந்த மூன்று பேர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். மூன்று மணி அளவை ஒரு மணிக்கே எழுதியவனுடைய பேச்சுக்கு என்ன மதிப்பு?

(இங்கே நான் குறுக்கிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இன்று நான் தமிழ் வகுப்புக்குப் போகக் கிளம்பினேன். நைனா தனியாகச் சந்தாபுரா போகிறார் என்று அம்மா கவலைப்பட்டதால் வகுப்பை விட்டுவிட்டு அவரோடு வந்துவிட்டேன். அதனால் கட்டுரை நோட்டு என் பையிலேயே இருந்தது. நைனா "சாட்சி" என்ற சொல்லைச் சொன்னதிலிருந்து எனக்கு எழுத்து ஓடவில்லை. "நைனா, ஒரு நிமிஷம்" என்று சொல்லி நோட்டை எடுத்தேன். ஆயுத பூஜை விடுமுறையில் நான் எழுதிய கட்டுரை, "எங்கள் வீட்டு இயந்திர பூஜை". அன்றைக்கு நானும் இங்கேதான் இருந்தேன். அவருக்குப் படித்துக் காட்டினேன்: "என் தந்தை டீசலை வாளியில் ஊற்றி அந்தப் பெரிய கலத்தின் உள்ளும் புறமும் கழுவினார். மாலை போட்ட பிறகும் பூவின் வாசனையைவிட டீசலின் வாசனையே அதிகமாக இருந்தது." பக்கத்தின் கீழே டீச்சர் சிவப்பு மையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார். விசாரணை என்ற பேச்சே இல்லாத காலத்துத் தேதி.

நைனா எழுந்தே நின்றுவிட்டார். "பாப்பா! இது போதும்மா! டீச்சர் கையெழுத்தே இருக்குதே! இத மட்டும் அனுப்பு!" என்றார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பியபோது ஓரத்தில் இருந்ததை இரண்டு பேரும் பார்த்தோம்.

அண்ணா, அந்தக் கட்டுரையை நான் டீச்சரிடம் கொடுப்பதற்கு முன்னால் நீ படித்தாய். மூன்றாம் நாள் குக்கரை ஓட்டி முடித்த சாயங்காலம், இதே மேஜையில். டீசல் வாசனை என்ற வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் "நல்ல வரி" என்று எழுதினாய். கீழே உன் பெயரின் முதல் எழுத்தும் இருக்கிறது. எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். அந்தக் கோட்டைப் பார்த்தால், அந்த மூன்று பேர், உனக்கு அப்போதே தெரியும் என்றுதான் சொல்வார்கள். தெரிந்தும் மறைத்தாய் என்பார்கள். நீ மறைக்கவில்லை. உனக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை, தங்கச்சி நன்றாக எழுதுகிறாள் என்ற சந்தோஷத்தில் வரியை வரியாக மட்டும் படித்திருக்கிறாய். எனக்குத் தெரியும். அதை நான் எப்படிக் காட்டுவது?

நைனா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம், "ரப்பர் வெச்சிருக்கியா?" என்றார். கொடுத்தேன். "இத எழுதாத" என்றார். "எல்லாத்தையும் எழுதுவேன்னு சொல்லிட்டேன் நைனா" என்றேன். அவர் ரப்பரைப் பென்சில் கோட்டின் மேல் வைத்தார். கை நடுங்கியதில் ரப்பர் கோட்டை விட்டு விலகி டீச்சரின் சிவப்புக் கையெழுத்தின் பக்கம் போனது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வைத்தார். "நீ அழி" என்றார். நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "நீயாச்சும் சொல்பேச்சு கேளேன்டி" என்றார். அப்புறம் ரப்பரை என் பென்சில் பெட்டிக்குள் அவரே திருப்பிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "எழுது" என்றார்.)

அருள், பாப்பாவின் பக்கத்தை அழிக்காமல் அப்படியே அனுப்பச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைக் காட்டுவதா, அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் காட்டுவதா, எதையுமே காட்டாமல் இருப்பதா, எனக்குத் தெரியவில்லை. காட்டு என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. காட்டாதே என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு அப்பன் இந்த இடத்தில் இப்படிச் செய் என்று சொல்ல வேண்டும். நீ சின்னவனாக இருந்தபோது கேட்காமலே எவ்வளவோ சொன்னேன், பாதிக்கு மேல் தப்பு. இப்போது நீ கேட்டாலும் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நீ என்னிடம் கேட்டதுபோல நானும் உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான். அந்த அறைக்குள் போகும்போது, உனக்குத் தெரிந்திருந்ததா என்று அவர்கள் கேட்டால், என்னைப்போல நினைத்துப் பார்க்காமல் இல்லை என்று சொல்லிவிடாதே. கண் அந்த வரியைப் பார்த்தது, மனம் பார்க்கவில்லை என்று நடந்ததைச் சொல். நம்பினால் நம்பட்டும்.

வேலை போனால் வா. தங்கவயலிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர்கள் நாம். இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லத் தெரியாததால் சொல்கிறேன். உன் அம்மா இரண்டு நாளாக உன் கட்டிலுக்குத் துவைத்த போர்வையைப் போட்டு வைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

(வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "ஆயித்தா சார்? லைட் ஆஃப் மாடுத்தீனி" என்றார், முடிந்ததா, விளக்கை அணைக்கிறேன் என்று கன்னடத்தில். நைனா, "எரடே நிமிஷ அண்ணா" என்று இன்னும் இரண்டு நிமிடத்துக்காகக் கெஞ்சுவது போலக் கேட்டார். இங்கே சிக்னல் இல்லை. பஸ் ஸ்டாப்புக்குப் போனதும் எல்லாப் பக்கங்களையும் உனக்கு அனுப்புவேன். வெளிச்சம் இருக்கும்போதே கட்டுரைப் பக்கத்தைப் படம் எடுத்துவிட வேண்டும் என்று முதலில் அதைத்தான் எடுத்தேன். நைனா நோட்டின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுக்கத்தில் இரண்டு படங்கள் கலங்கிவிட்டன. மூன்றாவது படம் தெளிவாக வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். டீச்சரின் தேதியும் தெரிகிறது, உன் பென்சில் கோடும் தெரிகிறது. இந்த வரியை எழுதும்போது ஷெட்டின் விளக்குகள் அணைக்கப்பட்டன.)